பாய்க்கு அடியில் அப்பா

தனியேலு ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆக்லாந்தில் லாரி ஓட்டுகிறான். "நம்ம குடும்பத்தைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்கறேன்ணே. நீ இல்லாம எப்படி?" என்று தங்கை பெரெனீசே விடாமல் நச்சரித்ததால்தான் விமானமும் படகும் ஏறி, பிறந்த மண்ணான சவாய் தீவுக்கு வந்து சேர்ந்தான். வந்தும் அப்பா வீட்டில் தங்கவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் மாமா வீட்டில் பையை இறக்கினான். அம்மா மரேத்தா அதற்கு ஒரு மூச்சு அழுதாள். அப்பா பெசமினோ வாசலில் நின்று அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்தார்.

படம் எதைப் பற்றி என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் பெல்ட்டைப் பற்றி. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரே விஷயம் அதுதான்.

மறுநாள் மத்தியானம் பெசமினோ தேவாலயத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பெரெனீசே அவர் சட்டையில் மைக்கைக் குத்தி, கேமராவை முடுக்கிவிட்டு, அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ உங்களை யாராவது அடிச்சிருக்காங்களா?"

பெசமினோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு முறை கேட்டாள். அசைவில்லை.

பின்னால் நின்ற தனியேலு சிரித்தான். "இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சே? அவருக்குப் பிடிச்சதுதான் அவர் காதுல விழும். எப்பவும் அப்படித்தானே!"

அவன் நின்றது அவருக்கு வலது பக்கம். பெசமினோ திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு மகளிடம், "இந்தப் பக்கமா வந்து உக்காரும்மா. அந்தக் காது கேக்காது" என்றார்.

"எப்பலேருந்துப்பா?"

"சின்ன வயசுலேருந்தே. கிழங்குத் தோட்டத்துப் படலை மூட மறந்துட்டேன், பன்னி பூந்திடுச்சு. எங்கப்பா கையில துடுப்பு இருந்துச்சு."

அம்மா சமையல் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கே இது புதுச் செய்தி. "இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், என்கிட்டகூடச் சொல்லலையே!"

"எப்படிச் சொல்றது? ஊர்ச்சபையில எங்கப்பாதான் பேச்சாளர். யாரு அடிச்சான்னு ஒருத்தன் கேட்டா அவர் பேர் என்ன ஆகும்? அப்புறம் அந்தப் பேச்சாளர் பட்டம் எனக்கு வந்துச்சு. செவிட்டுக் காதை வச்சுக்கிட்டு சபையில உக்கார முடியுமா?"

தனியேலுவுக்குச் சாயங்காலப் பிரார்த்தனை நினைவுக்கு வந்தது. மூத்த பிள்ளையின் இடம் அப்பாவுக்கு இடது பக்கம். அவர் ஏதாவது கேட்பார், இவன் "சரிப்பா" என்பான். "என்னடா முணுமுணுக்கிறே?" என்பார். இவன் பயத்தில் இன்னும் மெதுவாகச் சொல்வான். "எதுத்தா பேசுறே?" என்று பெல்ட் உருவப்படும். கடைசிவரை தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்ததே இல்லை.

"நான் சரின்னுதான் சொன்னேன்" என்றான். "ஒவ்வொரு தடவையும் சரிப்பான்னுதான் சொன்னேன்."



"பாவம்ணே அவர்" என்று பெரெனீசே அவன் கையைப் பிடித்தாள்.

"பாவம்தான். யாரு இல்லேன்னா? ஆனா கேக்கலேன்னாலும் கண்ணு தெரிஞ்சுதே! நான் அழுதது தெரிஞ்சுதில்ல?" என்று கையை உதறிவிட்டுச் சாலையைக் கடந்து போய்விட்டான். அன்று சாப்பிடக்கூட வரவில்லை.

காலையில் அவனை எழுப்பியது அம்மாவின் கூச்சல். வெளியே வந்து பார்த்தான். மாமா வீட்டு வாசலில், சரளைக்கல் மேல், தலையோடு காலாக ஒரு பாய் போர்த்தி யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற மெல்லிய பாய் அது.

"எழுந்திருங்க! கொலை பண்ணினவன் செத்தவன் வீட்டு வாசல்ல மன்னிப்புக் கேட்டு இப்படி உக்காருவான். பட்டம் கட்டின மனுஷன் பெத்த பிள்ளை முன்னாடியா உக்காருவார்? ஊர் சிரிக்கப்போவுது!"

பாய் அசையவில்லை. பெரெனீசே கேமராவோடு தயங்கி நின்றாள். "எடுக்கட்டுமாப்பா?"

"எடு" என்றது பாய்.

மாமா தனியேலுவின் பக்கம் வந்தார். "வழக்கம் உனக்குத் தெரியும். மன்னிக்கிறதா இருந்தா பாயை நீதான் எடுக்கணும். எடுக்காம உள்ளே போனாலும் யாரும் உன்னைக் கேக்க முடியாது."

தனியேலு படியில் உட்கார்ந்தான். எடுக்கவில்லை. பேருந்து ஒன்று போயிற்று. அதிலிருந்து வந்த பாட்டுச் சத்தம் சட்டென்று குறைந்தது, உள்ளே இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. ரொட்டி வாங்கப் போன பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள். வெயில் முற்றத்துக்கு வந்தது. உட்கார்ந்திருக்கட்டும் என்று அவனுக்குள் ஒருவன் சொன்னான். அதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசி அவனுக்குப் புதிதல்ல. போன மாதம் ஆக்லாந்து வீட்டில் தன் மகளை அறைந்தபோது, அவள் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டபோது, ஒரு கணம் அதே ருசி வந்துபோனது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தங்கையின் கேமராவிடம்கூட.

எழுந்து போய்ப் பாயை எடுத்தான். அப்பாவின் முகம் வேர்த்து, நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எந்திரிங்கப்பா."

"மன்னிச்சிட்டியா?"

"தெரியல. பாயை எடுத்துட்டேன். இப்போதைக்கு அவ்வளவுதான்."

பெசமினோ தலையாட்டினார். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. தனியேலு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மாமா வீட்டில் எல்லோரும் சுட்ட ஈரப்பலாக்காயும் கோகோவும் சாப்பிட்டார்கள். தனியேலு தங்கையைப் பார்த்து, "கேமராவை எடுத்துட்டு வா. என் வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அந்தப் பாய்க் காட்சியை வெட்டச் சொல்லி அம்மா கெஞ்சினாள். பெசமினோ ஒப்புக்கொள்ளவில்லை. படம் அடுத்த வருஷம் அந்த ஊர் தேவாலயக் கூடத்திலேயே ஓடியது. பாதியில் இரண்டு பேர் எழுந்து போனார்களாம்; முடிந்த பிறகு ஒரு கிழவர் பெசமினோவின் தோளில் கைவைத்து வெகுநேரம் நின்றாராம். தனியேலுவுக்கு இதையெல்லாம் அம்மாதான் போனில் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவே கூப்பிடுகிறார். மழை, ரக்பி, லாரி என்று கொஞ்சம் ஓடும், பிறகு இருவருக்கும் பேச்சு வற்றிவிடும். சில வாரம் தனியேலு போனை எடுப்பதில்லை. எடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் மணி அடிக்கிறது.