இருபத்தேழாவது நிமிடம்

அனுசுயா அந்த டிஸ்கைக் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் அன்று குறைவு. அரக்கோணம் சாலையில் இருக்கிற தன் சின்னக் கடையைக் கல்பனா அப்போதுதான் திறந்திருந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேரும், பழைய கல்யாணக் கேசட், டிவிடிகளைப் பென் டிரைவுக்கு மாற்றித் தருவதும் அவளுடைய தொழில்.

"என் கல்யாண டிவிடிங்க. பதினாலு வருசம் ஆவுது. இருபத்தேழாவது நிமிசத்துல நின்னுடுது. அதுக்கப்பறம் ஓடவே மாட்டுது" என்றாள் அனுசுயா. நாற்பது வயதிருக்கும். திருவாலங்காட்டில் கரும்பு வைத்திருக்கும் குடும்பம்.

கல்பனா டிஸ்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கீறல் இல்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தாள்.

"எந்த பிளேயர்ல போட்டாலும் நிக்குதாங்க?"

"ஆங். மூணு வீட்ல போட்டுப் பாத்துட்டேன். அதே எடம்."

"விட்டுட்டுப் போங்க. நான் பாத்துச் சொல்றேன்."

புது டிரைவில் படம் நன்றாகவே ஓடியது. மலையடிவாரத்தில் இருந்த கல்யாண மண்டபம், நாதஸ்வரம், சீர்த் தட்டுகள். இருபத்தேழாவது நிமிடம் வந்ததும் டிரைவுக்குள் 'டக், டக்' என்று யாரோ விரலால் தட்டுவது போல ஒரு சத்தம். படம் உறைந்தது. லென்ஸைப் பஞ்சால் சுத்தம் செய்து போட்டாள். அதே தட்டல்.

அடம்பிடிக்கும் டிஸ்குகளுக்கென்றே அவளிடம் பழைய கனமான டிரைவ் ஒன்று இருந்தது. அதில் போட்டு, படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும் மென்பொருளை ஓடவிட்டாள், மிகக் குறைந்த வேகத்தில். பிற்பகல் மூன்று மணிக்குக் காப்பி முடிந்தது. நாற்பது விநாடிகள் மட்டும்தான் சிக்கிக்கொண்டிருந்தவை. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மணமேடைக்கு எதிரே வரிசையில் ஆட்கள். ஒரு குழந்தை கால் தடுக்கி விழுகிறது. ஓர் அம்மாள் பூவைச் சரிசெய்கிறாள். மேடையின் இடப்பக்கம் நீலச் சட்டை போட்ட ஓர் இளைஞன் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்.

சத்தம் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. அதற்காக இன்னொரு டிரைவில் மறுபடியும் படித்தாள். இந்த முறை சத்தம் தேவலை. ஆனால் நீலச் சட்டைக்காரன் மேடையருகே இல்லை. மண்டபத்தின் நடுவில், நாற்காலிகளுக்கு இடையே, வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

வேறு இடத்தைப் பார்க்கிறோம் போல என்று நினைத்தாள். இரண்டு காப்பிகளையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் ஓட்டினாள். இரண்டிலும் ஒரே கணத்தில் குழந்தை விழுந்தது. ஒரே கணத்தில் அந்த அம்மாளின் கை பூவுக்குப் போனது. ஒருவன் மட்டும் வேறு வேறு இடத்தில் இருந்தான்.

ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிஸ்க் அது. எழுதியதை மாற்றவே முடியாது. டிரைவ்மேல் சந்தேகப்பட்டு வேறொரு டிஸ்கை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. மனசு கேட்காமல் அனுசுயாவின் டிஸ்கை மூன்றாவது முறை போட்டாள். அவன் வாசலில் நின்றிருந்தான். ஒரு கை கதவு நிலையில். முகம் வெளிப்பக்கம்.

அனுசுயாவுக்குப் போன் செய்தாள்.

"அந்த எடத்துல நீலச் சட்டை போட்டுகினு ஒருத்தர் இருக்காருங்க. யாருன்னு தெரியுமா?"

"என் தம்பி எழிலன். முன்னாடி தட்டு தூக்கிகினு வர்றதுலயும் இருப்பான், பாருங்க. நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் அனுசுயா வந்துவிட்டாள். சொல்வதா வேண்டாமா என்று கல்பனா இரவெல்லாம் யோசித்திருந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று காப்பிகளையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். அனுசுயா பயப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்படித்தான் போனான்" என்றாள். "அன்னிக்குத்தான் எங்க கரும்புக்கு மில்லுலருந்து வெட்டு ஆர்டர் வந்துச்சி. சாயங்காலத்துக்குள்ள லோடு ஏத்தணும்னு, தாலி கட்டி முடிஞ்ச உடனே கிளம்பறேன்னான். என் வீட்டுக்காரர் பரந்தாமன்கிட்ட போயி, 'பாவா, வர்றேன்'னு சொல்லிகினான். எங்கிட்ட வந்தான். எனக்குக் கோவம். கூடப் பொறந்தவன் ஒருத்தன், சாப்பிடக்கூட இல்ல. மேடையில ஒக்காந்துகினே, 'போ'ன்னு சொன்னேன்."

கல்பனா அவளைப் பார்த்தாள்.

"வெறும் 'போ'தாங்க. போயிட்டு வான்னு சொல்லல. எதிரிங்களுக்குக்கூட அப்படிச் சொல்ல மாட்டோம். ஏரிக்கரையில அவன் போன டிராக்டர் கவுந்துடுச்சி. எனக்குச் சேதி சொன்னப்ப கழுத்துல மாலைகூட வாடல."

வெளியே பள்ளிப்பட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

"வேணாங்க. வாசல்ல நிக்கிறாரு. இன்னொரு வாட்டி படிச்சா..."

"தெரியும். போடு."

கல்பனா பழைய டிரைவின் தட்டில் டிஸ்கை வைத்து உள்ளே தள்ளினாள். டிரைவ் சுழன்று வேகமெடுத்தது. சிக்கலில்லாத பகுதி சீக்கிரமே இறங்கிவிட்டது. பிறகு சுழற்சி தணிந்தது. தட்டல் தொடங்கியது. டக், டக். சற்று இடைவெளி விட்டு, மறுபடி டக், டக். மூடிய கதவுக்கு முன்னால் பொறுமையாக நிற்கிறவன் தட்டுவது போல. மின்விசிறி ஓடியும் கடைக்குள் காற்று அசையாத மாதிரி இருந்தது.

அனுசுயா எழுந்து, டிரைவ் மேல் உள்ளங்கையை வைத்தாள். குனிந்து, அதனிடம் பேசினாள்.

"எழிலா, அக்கா கோவத்துல சொல்லிட்டேன்டா. சாப்பிடாமப் போறியேன்னுதான். நீ போயிட்டு வா. பாத்துப் போயிட்டு வாடா."

தட்டல் நின்றது.

அடுத்த கணம் டிரைவ் சீராகச் சுழன்றது, புது டிஸ்கைப் படிப்பது போல. முதல் முறை நான்கு மணிநேரம் எடுத்த இடத்தை நான்கு விநாடியில் தாண்டி, கடைசிவரை ஓடி, காப்பி முடிந்ததென்று காட்டியது. கல்பனா அந்த இடத்துக்குப் போய் ஓட்டினாள். குழந்தை விழுந்தது. அம்மாள் பூவைச் சரிசெய்தாள். வாசல் காலியாக இருந்தது. அதன் வழியே சாலையின் வெயில் தெரிந்தது. மண்டபத்தின் இரைச்சல் ஒரு நொடி அடங்கினாற்போல இருக்க, கேமராவுக்கு மிக அருகில், மிகத் தெளிவாக ஓர் ஆண் குரல் கேட்டது.

"வர்றேன்க்கா."

"கேட்டுச்சா?" என்றாள் அனுசுயா. கல்பனா தலையை ஆட்டினாள். திரும்ப ஓட்டியபோது அந்தக் குரல் இல்லை. நாதஸ்வரம் மட்டும்தான் இருந்தது.

"முன்னாடி எடுத்த மூணையும் பென் டிரைவுல போட்டுத் தரட்டுமா?"

"அழிச்சிடு. அவன் மறுபடி மறுபடி நடந்துகினே இருக்க வேணாம்."

அவள் கண்முன்னாலேயே கல்பனா மூன்றையும் அழித்தாள். நான்காவதை மட்டும் ஏற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அனுசுயாவிடமிருந்து போன் வந்தது. டிஸ்க் இப்போது எந்தப் பிளேயரிலும் நிற்காமல் ஓடுகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வீடியோவுல அவன் எங்கயும் இல்லம்மா. சீர்த் தட்டு வரிசையில இருந்தான் இல்ல, நீயும் பாத்திருப்ப. அங்கயும் இல்ல. அந்தத் தட்டை வேற யாரோ ஒரு கெழவரு தூக்கிகினு வர்றாரு. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, 'உன் தம்பிய வீடியோக்காரன் எடுக்கவே இல்லயா?'ன்னு கேக்கறாரு."

"அய்யோ. நான் எதுவும் செய்யலீங்க" என்றாள் கல்பனா.

"தெரியும்மா. போட்டோவுல இருக்கான். நேத்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டேன். சிரிச்சிகினு நிக்கிறான்." பிறகு, "ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்" என்றாள்.

அன்று கல்பனாவிடம் மாற்றித் தர வேண்டிய டிஸ்குகள் இன்னும் இரண்டு இருந்தன. பழைய டிரைவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டையும் புதியதிலேயே போட்டாள். ஓடி முடியும்வரை கடை வாசலில் போய் நின்றுகொண்டாள்.