இரண்டு எனோக்குகள்

லோயிஸ் தார்ன்பரி மூன்றாவது முறையாக எனோக்கை இரண்டு பேராக, இரண்டு பதிவுகளாகப் பிரித்து வைத்தாள். மறுநாள் பார்த்தால், வெண்டல் கிப்ஸ் என்கிற யாரோ இரண்டு பதிவுகளையும் மறுபடி ஒன்றாக்கியிருந்தார். இணையத்தில் பலரும் சேர்ந்து வளர்க்கும் வம்சாவளி அது. யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

அவளுடைய மூதாதை எனோக் தார்ன்பரி, பிப்ரவரி ஒன்பதில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையில் மதிப்பானவர். இன்னொரு எனோக் அதே ஆண்டு ஏப்ரல் ஒன்பதில் பிறந்தவன்; அடிமைகளை விடுவிக்க மறுத்ததால் சபையால் விலக்கப்பட்டவன். அவன் ஏதோ பங்காளி என்று முடிவுகட்டியிருந்தாள்.

"நம்ம குடும்பத்து மேல கரி பூசப் பாக்குறான், க்ளைட்," என்றாள் கணவனிடம்.

"செத்து இருநூறு வருஷம் ஆச்சு, இனிமே பூசி என்ன? நேர்ல கூப்பிட்டுக் கேளேன்."

குவேக்கர் ஜெபக்கூட முற்றத்துக்கு வெண்டல் வந்தார். எழுபதை நெருங்கும் கறுப்பினத்தவர். லோயிஸின் சந்தேகம் குறையவில்லை, கூடியது.

"எங்க எனோக் உங்களுக்கு எதுக்கு?"

"ரெண்டுமே ஒன்பதாம் தேதி, கவனிச்சீங்களா? குவேக்கருங்க மாசத்துக்கு நம்பர்தான் போடுவாங்க. அப்பல்லாம் மார்ச்தான் முதல் மாசம். இரண்டாம் மாசம்னா ஏப்ரல். யாரோ பிப்ரவரின்னு ஏத்திட்டாங்க."

லோயிஸுக்குத் தெரியாத கணக்கல்ல. மற்ற மூதாதையர் எல்லோருக்கும் அவளே அப்படித்தான் திருத்தியிருந்தாள். எனோக் ஒருவரை மட்டும் தொடவில்லை.

"சரி, உங்களுக்கென்ன அதுல?"

"அவர் விடாம வச்சிருந்த அடிமைகள்ல டைனான்னு ஒருத்தி. எங்க வம்சம் அவகிட்டேருந்து வந்தது. அவ மகனுக்கு அப்பா யாருன்னு எங்கேயும் இல்ல. டிஎன்ஏ சோதனையில எனக்குச் சொந்தம்னு வந்தது உங்க பேரு."

"வேற தார்ன்பரியாவும் இருக்கலாமே!"

"இருக்கலாம். அதைத் தேடணும்னா, முதல்ல எனோக் எத்தனை பேருன்னு தெரியணுமில்ல?"

லோயிஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியில் தானே இரண்டு பதிவுகளையும் இணைத்தாள். 'சபையிலிருந்து விலக்கப்பட்டார்' என்ற வரி அவளுடைய எனோக்கின் கீழ் வந்து நின்றது. அதற்கும் கீழே டைனாவின் பெயரைத் தட்டிச் சேர்த்தாள். மகனின் தகப்பன் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

"மிச்சத்தை ரெண்டு பேருமா தேடலாம். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்களேன்."

வெண்டல் அவள் முகத்தையே பார்த்தார். மூன்று முறை பிரித்தவள் இவள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.