மேல் பல்லா, கீழ் பல்லா

அந்தப் பெண் வந்து கதவருகில் நின்றபோது, நான் ஒரு சிமென்ட் விளம்பரத்திலிருந்து இருமலை வெட்டிக்கொண்டிருந்தேன். விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவருக்கு அன்று சளி. எவ்வளவு கம்பீரமாகப் பேசினாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு செருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வானொலி நிலையத்தில் என் வேலை இதுதான். இருமல், மூச்சு, திணறல், யோசனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மனிதர்கள் தங்குதடையில்லாமல் பேசுகிறவர்கள் என்று கேட்பவர்களை நம்ப வைப்பது. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். நிலையத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர்.

வரவேற்பில் இருப்பவள் சாப்பிடப் போயிருந்த நேரம். இல்லையென்றால் இந்தப் பெண்ணை என் அறைவரை விட்டிருக்க மாட்டாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேலை செய்யும் கடையின் சீருடைச் சட்டை, தோளில் பை, கையில் மடித்த குடை.

"உள்ள வரலாமாக்கா?"

"யாரும்மா நீ?"

"நான் பல்லுக்காரரோட பொண்ணு." பிறகு அவளே சொன்னாள். "அப்படிச் சொன்னாதான் உங்களுக்குத் தெரியும்."

விளம்பரத்தை நிறுத்தினேன். என் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. அங்கே சத்தம் நின்றால் முழுசாக நின்றுவிடும். இருக்கிற ஒரே உபரி நாற்காலியில் கிடந்த வயர்களை எடுத்துவிட்டு, உட்கார் என்றேன்.

அவளுடைய அப்பா பேருந்துப் பணிமனையில், தொலைந்த பொருள் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். பயணிகள் விட்டுவிட்டுப் போகிற குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி, பதிவேட்டில் ஏற்றி, அலமாரியில் வைத்து, யாராவது தேடி வருவார்களா என்று காத்திருப்பவர். எங்கள் நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு 'மாட்டிக்கிட்டீங்க' என்று ஒரு நிகழ்ச்சி. ஒருவருக்கு வேண்டியவர்களே அவரைப் பற்றித் தகவல் கொடுப்பார்கள், நாங்கள் போன் செய்து ஏமாற்றுவோம், ஊர் சிரிக்கும். அவரைப் பற்றித் தகவல் கொடுத்தது அவருடைய மைத்துனர், இந்தப் பெண்ணின் சொந்தத் தாய்மாமா. 'எங்க அக்கா வீட்டுக்காரர் ரொம்ப நேர்மை. அதிகாரி போன் பண்ணா எழுந்து நின்னுதான் பேசுவார். மாட்டி விடுங்க' என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கிற முகம் நாலைந்து போட்டிருந்தார்.

நிகழ்ச்சியை நடத்துபவனைப் பட்டாசு என்று கூப்பிடுவோம். கெட்டவன் இல்லை. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் ஓடுவான். மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கண்மண் தெரியாது. மந்திரியின் செயலாளர் போலப் பேசினான். மந்திரி மக்களோடு மக்களாகப் பேருந்தில் போனபோது தன் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி இருக்கையில் விட்டுவிட்டார், பதினொரு மணிக்கு மேடையில் பேசியாக வேண்டும் என்றான்.

"ஐயா, மேல் பல்லா, கீழ் பல்லா?" என்று கேட்டார் அவர்.

பதிவேட்டில் பொருளின் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அவருக்குத் தேடத் தெரியாது. பட்டாசு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு எதையோ சொல்லச் சொல்ல, அவர் விடாமல் மூன்று தடவை அதையே கேட்டார். கண்ணாடிக்கு இந்தப்புறம் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். பிறகு அவர், "இருங்கய்யா, ஒரு செட்டு இருக்கு. ஏழு மாசமா யாரும் கேட்டு வரலை" என்றபோது பட்டாசின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அல்வா தானாக வந்து வாயில் விழுந்துவிட்டது. அந்தச் செட்டை வாயில் வைத்து இரண்டு வார்த்தை பேசிக் காட்டுங்கள், மந்திரியே லைனில் கேட்கிறார் என்றான்.

"ஐயா, அது வேற ஒருத்தரோட பொருள்..."

"வேலையில இருக்கணுமா, வேணாமா?"

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கழுவினார். பிறகு ஒரு குழறல். வணக்கம் என்று சொன்னார் என நினைக்கிறேன். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பட்டாசு தான் யார் என்று சொன்னதும், அந்தப் பக்கம் பத்தொன்பது நொடி ஒன்றுமே இல்லை. உற்றுக் கேட்டால் ஒரு மூச்சு, ஒரு டப்பா மூடுகிற சத்தம், தூரத்தில் ஏதோ பேருந்து பின்னால் வருகிற சத்தம். அப்புறம் அவர் பேசினார். "என் பொண்ணு தினமும் இந்த நிகழ்ச்சி கேப்பா தம்பி. இதை மட்டும் போடாதீங்க." போனை வைத்துவிட்டார்.

சம்மதம் சொல்லாதவர்களின் அழைப்பை ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. விதி இருக்கிற இடத்தில் ஒரு வழக்கமும் இருக்கும் அல்லவா? எங்கள் வழக்கத்துக்கு ஒட்டு என்று பெயர். பேச்சில் வேறெங்காவது அந்த ஆள் சரி என்று சொல்லியிருப்பார். அதை எடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுவது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் பிறகு ஒன்றும் சொல்வதில்லை. பாட்டுப் போட்டுப் பெயரைச் சொன்னதில் குளிர்ந்துவிடுவார்கள். தயாரிப்பாளர் வாசலில் தலையை நீட்டி, "நாளைக்கு இதுதான். சம்மதம் வாங்கியாச்சா?" என்றார். பட்டாசு என்னைப் பார்த்தான்.

"நான் பாத்துக்கிறேன் சார்" என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானே முந்திக்கொண்டு சொன்னேன். அந்தப் பேச்சில் அவர் பதினோரு தடவை 'சரிங்க ஐயா' சொல்லியிருந்தார். அதில் நாலாவது கொஞ்சம் உற்சாகமாக இருந்தது, அதை எடுத்தேன். பத்தொன்பது நொடியை வெட்டினேன். கடைசி வார்த்தைகளை வெட்டினேன். அந்த இடத்தில் போன மாதம் பேசிய ஒரு மளிகைக்கடைக்காரரின் சிரிப்பை வைத்தேன். மிக நேர்த்தியாக வந்தது. இரண்டு தடவை போட்டுக் கேட்டுத் திருப்திப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பேருந்து ஜன்னல்களிலிருந்து, பள்ளிக்கூட வாசலிலிருந்து, அவர் போகிற இடமெல்லாம் 'மேல் பல்லா, கீழ் பல்லா' என்று கூப்பிட்டார்கள். யாரோ அதைப் பாட்டாக்கினார்கள். அடுத்தவர் பொருளை உபயோகித்ததற்காகப் பணிமனையில் விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவர் பெரிய சாலையை விட்டுவிட்டு, ரயில் பாதை ஓரமாக நடந்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், காலை எட்டே முக்கால் மணிக்கு, தண்டவாளத்தைக் கடக்கும்போது பின்னால் வந்த ரயிலை அவர் கவனிக்கவில்லை. ஓட்டுநர் விடாமல் ஒலி எழுப்பியிருக்கிறார். அவருடைய இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். அன்று எங்கள் நிலையத்தில் நடந்த கூட்டத்தில் ஆளாளுக்குக் கையைக் கழுவிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்ததைப் பேசினேன் என்றான் பட்டாசு, அழுதுகொண்டேதான் சொன்னான். சொந்த மச்சானே கேட்டுக்கொண்டதுதானே என்றார் நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுப்பவர். கிண்டல் செய்தது ஊர், நாம் இல்லை என்றார் விளம்பரப் பிரிவு மேலாளர். அவரே சம்மதித்திருக்கிறார், பதிவு இருக்கிறது என்று தயாரிப்பாளர் அறிக்கை எழுதினார். பழி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில் செத்தவர் தலையிலேயே இறங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தயாரிப்பாளர் என்னைத் தனியாக அழைத்து முழுப் பதிவையும் அழித்துவிடச் சொன்னார். அழித்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். அழிக்கவில்லை. வெட்டியெடுத்த செருமல்களையெல்லாம் போட்டு வைக்கிற 'இருமல்' என்ற கோப்புறைக்குள் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. எடுத்துக் கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

அந்தப் பெண் குடையை மடியில் வைத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாளாம். கடையில் காலையில் எங்கள் வானொலிதான் ஓடுமாம்.

"அன்னைக்கும் ஓடுச்சு. பல்செட்டுன்னதுமே எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேங்க்கா. மூணாவது தடவை 'மேல் பல்லா'ன்னு கேட்டப்பதான் குரல் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி எங்க அப்பான்னு தெரியாமலே எவ்ளோ சிரிச்சிருக்கேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

"வீட்டுக்கு வந்ததும், ஏம்ப்பா இதுக்கெல்லாம் சரின்னு சொன்னீங்க, என் மானம் போச்சுன்னு சத்தம் போட்டேன். நான் சரின்னு சொல்லலைம்மா, வேண்டாம்னுதான் சொன்னேன்னார். என் காதால கேட்டேன், என்கிட்டயே பொய் சொல்லாதீங்கன்னேன்." அவள் குடையின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "இருபத்தாறு வருஷத்துல ஒரு குண்டூசியக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வராத மனுஷன். அவரைப் பாத்துப் பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் அதப் பத்திப் பேசவே இல்ல. மறுநாள்தான் காதுல பஞ்சு வைக்க ஆரம்பிச்சார். ரோட்ல கத்துறாங்களே, அதுக்குன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா, எனக்காகவும் இருக்கலாம்."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"பேசுனதெல்லாம் உங்க ரூம்லதான் இருக்கும்னாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அவர் சரின்னு சொன்னாரா, இல்லையா? சொல்லியிருந்தார்னா நான் திட்டினது தப்பில்ல. வருத்தம் இருக்கும், ஆனா தப்பில்ல."

சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். அறிக்கையும் நிற்கும், பட்டாசு மறுபடி தூங்குவான், என் வேலையும் இருக்கும். எல்லாருக்கும் நல்லது, அவர் ஒருவரைத் தவிர. உண்மையைச் சொன்னால், செத்துப்போன மனிதருக்கு அவர் பேச்சு திரும்பக் கிடைக்கும். ஆனால் இந்தப் பெண் மிச்சக் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். பொய் அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எனக்கும் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதுதான் உறுத்தியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அளவு எடுத்துப் பழகிய கண்கள், அவ்வளவு எளிதில் நகரவில்லை.

"அவர் சொல்லலைம்மா" என்றேன். "அந்தச் சரி வேற இடத்துல சொன்னது. எடுத்து அங்க ஒட்டினது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். விசைப்பலகை மேல் இருந்த இரண்டு கைகளையும், முதல் தடவை பார்ப்பதுபோல, வெகு நேரம் பார்த்தாள். அப்புறம், "அப்பா பேசுனது முழுசா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கேட்டா உனக்குத்தாம்மா கஷ்டம். கடைசியில உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கார்."

"போடுங்க."

ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன். அது பெரியது, அவள் தலைக்கு ஏற்றபடி நானே பட்டையைக் குறைத்துவிட்டேன். இருமல் கோப்புறையைத் திறந்து ஓடவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்காது, திரையில் அவர் குரல் மேடும் பள்ளமுமாக நகர்வது மட்டும் தெரியும். எந்த மேடு எந்த வார்த்தை என்று எனக்கு மனப்பாடம். இது 'மேல் பல்லா'. இது பட்டாசின் அதட்டல். இது குழாய்த் தண்ணீர். அந்த வணக்கம் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

மேடுகள் நின்று, கோடு மட்டமாக ஓட ஆரம்பித்தது. அவள் கண்ணைத் திறந்து, காதில் ஹெட்போன் இருப்பதை மறந்து உரக்கக் கேட்டாள்.

"நின்னு போச்சாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஓடுகிறது என்று திரையைக் காட்டினேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பதினான்கு வருடப் பழக்கம், மட்டமான கோட்டைக் கண்டதும் என் வலது கைவிரல் தானாக வெட்டுகிற பொத்தானுக்குப் போய்விட்டது. கையை எடுத்து மடியில் வைத்து, மற்ற கையால் பிடித்துக்கொண்டேன். திரையில், ஓடுகிற இடத்தைக் காட்டும் சின்னக் குத்துக்கோடு மட்டத்தின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வலது ஓரத்தில், அவருடைய கடைசி வார்த்தைகளின் சிறிய மேடுகள் அது வந்து சேரக் காத்திருந்தன.