ஏற்கப்படாத பெயர்

மில்லை மூடியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. டைப்பிஸ்ட் வேலை போனது. எங்கள் ஊர் சாரம் பகுதியில் மாலை வகுப்பில் விஷுவல் பேசிக் படித்து, பக்கத்திலேயே ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமர் ஆனேன். டீம் லீடர் அருள்பிரகாஷ் நான் தாலி கட்டிக்கொண்ட வருஷம் பிறந்தவன். வாய்க்கு மட்டும் என் மாமியார் வயது.

ஓர் ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். இறந்தவர்களைப் பதிவு செய்யும் பக்கம் என் தலையில் விழுந்தது. சோதிக்க ஏதாவது பெயர் போடச் சொன்னான் அருள். உயிரோடு இருப்பவர் பெயரை அதில் போட எனக்குக் கை வரவில்லை. செத்துப்போன மாமனார், சித்தப்பா பெயர்களைப் போட்டேன். கம்ப்யூட்டர் பேசாமல் வாங்கிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம், கடலூர் போய் வருகிறேன் என்று கிளம்பிய மனுஷன், திரும்பவே இல்லை. நான் பெயர்களைப் போட்டுச் சோதித்த அன்று காலைதான் நாத்தனார் அரியாங்குப்பத்திலிருந்து வந்து, "எட்டு வருஷமாச்சு அண்ணி. இனிமே அண்ணன் எங்க வரப்போவுது? காரியத்தப் பண்ணிட்டு தாலியக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த ஆத்திரத்தில் அவர் பெயரைத் தட்டினேன்.

'ஏற்கப்படவில்லை' என்றது திரை. அப்படி ஒரு வரியை நான் எழுதவே இல்லை.

"தள்ளுங்கக்கா" என்று அருள் தன் பெயரைத் தட்டினான். ஏற்கப்படவில்லை. போன மாதம் செத்த அவன் பெரியப்பா பெயரை உடனே வாங்கிக்கொண்டது.

"உசுரோட இருக்கறவங்கள வாங்க மாட்டுதுக்கா" என்று சிரித்தான். "நல்ல எரர். சீக்கிரம் சரி பண்ணுங்க."

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அப்புறம், சொல்லவே வெட்கம், சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ இருக்கிறார், பாவி. வரட்டும், வாசலிலேயே நிற்கவைத்துக் கிழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

சரி பண்ணுகிறேன், பண்ணுகிறேன் என்று நாளைக் கடத்தினேன். தினமும் வந்ததும் முதலில் அவர் பெயரைத் தட்டுவேன். ஏற்கப்படவில்லை. அதற்கப்புறம்தான் டீ.

மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டியதும் அவர் பெயர் உள்ளே போய்விட்டது.

அருள் எட்டிப் பார்த்தான். "சரி பண்ணிட்டீங்களா? சூப்பர்க்கா."

"நீ எதுனா மாத்துனியா தம்பி?"

"நா தொடவே இல்லியே. தானா சரியாயிடுச்சோ என்னமோ."

இருக்கும். தானாகவே சரியாகியிருக்கும். இனிமேல் யார் பெயரைப் போட்டாலும் வாங்கும். ஆண்டவனே, வாங்க வேண்டும். பாக்கியலட்சுமி என்று என் பெயரைத் தட்டினேன்.

ஏற்கப்படவில்லை.