ஏழு வருடமாகக் கேள்விப்படாதவர்

"சாட்சி, பால் பொங்குனத நீங்க நேர்ல பாத்தீங்களா?" சின்னவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா, "பாக்கலீங்க. தீஞ்ச வாசனை வந்துச்சு. போய்ப் பாத்தா அடுப்பு பூரா பால்" என்றாள்.

"அப்போ பொங்குச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அது என் ஊகங்க. யாராச்சும் கொட்டியும் இருக்கலாம். அடுப்பப் பாத்துக்கோன்னு உன்கிட்ட சொன்னது மட்டும் ஊகம் இல்ல."

போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் போன முறை சின்னவள் சாட்சியச் சட்டத்தில் கோட்டை விட்டிருந்தாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள், மற்ற தாள்களில் எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்கியவள், இந்த ஒன்றில் மண்ணைக் கவ்வினாள். "எங்க எஸ்.ஐ. மேடம் திருடன ஓடிப் பிடிச்சுடுவாங்க, கோர்ட்டுல கோட்டை விட்டுடுவாங்க" என்று அண்ணி கேலி செய்தாள். இந்த முறை கண்ணால் படித்தால் போதாது, வாயாலும் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, தினமும் சாயங்காலம் அம்மாவைச் சாட்சியாக நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தாள். அம்மாவும் சளைத்தவளில்லை. காஜா எடுத்துக்கொண்டும் பட்டன் தைத்துக்கொண்டும் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்பது. அடுத்தவர் சொல்லக் கேட்டதைத் தான் பார்த்ததாகச் சொல்லாமலிருப்பது. சின்னவளுக்குத் தன்னைவிட அம்மா நன்றாகத் தேர்வு எழுதுவாள் என்றுகூடத் தோன்றியது.

ஒரே ஒரு பிரிவை மட்டும் அவள் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஒருவரைப் பற்றி ஏழு வருடங்களாக, வழக்கமாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இறந்ததை அல்ல, இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பக்கம் வந்தால் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அம்மா மெஷினை மிதிக்காமல் காத்திருப்பாள். அடுத்த பிரிவு காதில் விழுந்த பிறகுதான் மெஷின் ஓடும்.

அண்ணன் போய் ஏழு வருடம் தாண்டிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வண்டிச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு நடந்து போனவன். சண்டை இல்லை, கடன் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அம்மாவோடு நாள் நாளாக உட்கார்ந்திருந்தபோதுதான், மேசைக்கு அந்தப் பக்கம் தான் போய் உட்கார வேண்டும் என்று சின்னவளுக்கு வைராக்கியம் வந்தது. அண்ணி தன் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே இருந்து, அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டு, இந்த வீட்டின் மூத்த மகள் மாதிரி ஆகிவிட்டாள்.

ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் கூடத்து மூலையில் இருந்த பழைய போனை எடுக்க அம்மா விடவில்லை. அவனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். எப்போதாவது அது அடிக்கும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். அம்மா "அலோ" என்றுகூடச் சொல்லாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். வைத்துவிட்டு வந்து ஊசியில் நூல் கோர்ப்பாள். "ராங் நம்பரா இருக்கும்" என்று அண்ணி கொல்லைப் பக்கம் போய்விடுவாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அந்தப் போனை எடுத்ததில்லை.

சின்னவள் எடுத்திருக்கிறாள். மூச்சுச் சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம். அவசரமே இல்லாமல், சர்க்கரை எப்போதோ கரைந்த பிறகும் நிற்காமல். அண்ணன் அப்படித்தான் டீ கலக்குவான். "டம்ளர் ஓட்டையாயிடும்டா" என்று அம்மா கத்துவாள். உலகத்தில் எத்தனை பேர் டீ கலக்குகிறார்கள், இதெல்லாம் ஒரு சாட்சியமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து டீக்கடை வந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

ஒரு நாள் அண்ணி கடையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கார். எங்க கடைக்கு மருந்து கொண்டு வர்றவர். நல்ல மனுஷன். சரின்னு சொல்லணும்னு எனக்கும் தோணுது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "வக்கீலப் பாத்தேன். உங்க மகன் உயிரோட இல்லைன்னு கோர்ட்டு சொல்லணுமாம். அவரைப் பத்தி ஒரு தகவலும் இல்லைன்னு நீங்க ரெண்டு பேரும் வந்து சொன்னாத்தான் நடக்குமாம்."

அம்மா அவள் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. "என்னைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் விசாரணையில் சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள். "சாட்சி, அந்தப் போன்ல உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"அந்தக் கேள்வி உன் பரீட்சைல வருமா?"

"வராது."

"அப்போ விடு" என்று அம்மா நூலைப் பல்லால் கடித்தாள்.

கோர்ட்டில் கூட்டமில்லை. மின்விசிறி வழக்குக் கட்டுகளின் ஓரத்தைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. அம்மா தானே தைத்த வெளிர் நீல ரவிக்கையில், கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மகன் இத்தனை வருஷத்துல உங்களோட பேசினாரா?" என்றார் வக்கீல்.

"இல்லீங்க. பேசவே இல்ல."

"அவரை உயிரோட பாத்ததா யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆனா யாரும் நேர்ல பாத்தவங்க இல்லீங்க. யாரோ சொன்னதக் கேட்டுட்டு வந்து சொன்னாங்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை ஒரு தரம் பார்த்தார். சின்னவளுக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சொல்லிக் கொடுத்தது இவள்தான். அடுத்து இவளைக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. "பேசினதில்லைங்க" என்றாள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தீர்ப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி டீ போட்டாள். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னவள் சர்க்கரையைப் போட்டு ஸ்பூனால் கலக்கினாள். எதையோ நினைத்துக்கொண்டு கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்துடி!" அம்மா இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "அந்தச் சத்தத்தை நிறுத்து. போன்ல கேக்கறது போதாதா எனக்கு?"

சின்னவள் கையிலிருந்து ஸ்பூன் நழுவி டம்ளருக்குள் சாய்ந்தது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் இதுவரை சொன்னதில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று அவள் போன வாரம்தான் படித்திருந்தாள்.

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தே இவளும் அதைக் கேட்டிருக்கிறாள் என்று அண்ணிக்கு விளங்கிவிட்டது. "என்ன சத்தம் அத்தை?" என்று கேட்டாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

அம்மா வாயைத் திறக்கும் முன் மூலையில் போன் அடித்தது.

அண்ணிதான் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை கொல்லைப் பக்கம் போகவில்லை. எழுந்து போய் அதன் முன் நின்றாள்.

"எடுக்காதம்மா" என்றாள் அம்மா. கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைக்கவில்லை. "தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் எடுக்க வேணாம். எடுத்தா அவனப் பத்திக் கேள்விப்பட்ட மாதிரி ஆயிடும். நீ நல்லா இருக்கணும்மா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி ரிசீவரின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ரிசீவர் அதிர்ந்தது, அவள் விரல்கள் அதிர்ந்தன, மணிக்கட்டில் இருந்த வளையல்களும் சேர்ந்து மெல்ல அதிர்ந்தன.