புள்ளலூரில் தோற்றது யார்

உத்திரமேரூர் பஜார் வீதியில் கிதர் முகம்மதுவின் ஹார்டுவேர் கடை மாடியில் என்ன நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். புரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. அவர் மகள் ஷிபானா, முப்பதை நெருங்குகிறவள், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இசையமைக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் அந்த ஹெட்போன் கழலுவதே இல்லை என்பது தெரு தரும் கூடுதல் தகவல்.

எதிர்க்கடை வஹாப் ஒருநாள் நேராகவே கேட்டார்.

“எந்தப் படத்துக்கும்மா மியூசிக் போட்டுக்கினு கீற?”

“டாக்குமென்ட்ரி மாமு. புள்ளலூர்ல அந்தக் காலத்துல நடந்த சண்டையப் பத்தி.”

“எத்தினி பாட்டு?”

“பாட்டே கிடையாது.”

“பாட்டே இல்லாத படத்துக்கு மியூசிக் இன்னாத்துக்கு?”

அன்று மதியம் அவள் சோற்றைத் தொடாததற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்று தெருவில் ஒரு கட்சி உண்டு. அது தப்பு. காரணம் சுகுமார்.

சுகுமார் புள்ளலூர்க்காரன், அவளோடு பள்ளியில் படித்தவன். கல்யாண வீடுகளுக்கு மேலே டிரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவன், திடீரென்று சரித்திரத்தின் மேல் பறக்க ஆரம்பித்துவிட்டான். பல்லவனும் சாளுக்கியனும் தன் ஊரில் மோதியதை நாற்பது நிமிடப் படமாக எடுத்தான். தாய்மாமன் சேட்டுவின் கழனியில் போர் நடந்தது. சேட்டுவின் டிராக்டர்மேல் கேமரா நின்றது. பன்னிரண்டு பையன்கள் காலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டிப் பல்லவப் படையாக ஓடினார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, நீலத் தலைப்பாகை கட்டிச் சாளுக்கியப் படையாகத் தங்களையே துரத்தினார்கள்.

இதில் ஒரு வில்லங்கம். ஜெயித்தது நான்தான் என்று இரண்டு தரப்புமே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சுகுமார் யோசித்து, பல்லவன் தோற்றதாகவே முடிவு செய்தான். தோல்வியில்தான் அவார்டு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சோகமா போடு ஷிபானா. கேக்கறவன் சோத்துல கை வெக்கக் கூடாது” என்றான். வேறொரு நாள், “கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும்” என்றான். மஞ்சளான இசை எப்படியிருக்கும் என்று அவள் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அவன் சொன்னது படத்தின் கலரை.

இத்தனைக்கும் நடுவில் மூன்று நிமிடம் நாற்பது நொடிக்கு ஒன்றை எழுதினாள். பல்லவப் படை கழனி வரப்பில் சிதறி ஓடும் காட்சிக்கு. கம்ப்யூட்டர் வயலினில் அது பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்தது. எனவே ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில், நாற்பது பேர் கொண்ட வயலின் குழு ஒன்றை இணையத்தில் பிடித்தாள். இருபது நிமிடம் அவளுக்கு. அதற்குள் வாசித்துத் தருவார்கள். இன்னொரு இருபது நிமிடம் கேட்க அவளிடம் பணமில்லை.

அவர்கள் வாசித்த அன்று மதியம், சத்தம் கூடாதென்று மாடியில் ஃபேன் ஓடவில்லை. கடையில் பைப் அறுக்கக் கூடாது என்று அப்பாவுக்கே உத்தரவு. லேப்டாப் திரையில், நேரலையில், நாற்பது பேரும் வயலின் வில்லைத் தூக்கினார்கள். சரியாக அப்போது தெருவில், “பழைய இரும்பு, ஈயம், பித்தளை...” என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. இசைக்குழுவை நடத்துகிறவர் கையை இறக்கிவிட்டு, இந்தக் குரலும் இசையில் சேர்த்தியா என்று மரியாதையாகக் கேட்டார். ஷிபானா சன்னலைச் சாத்திவிட்டு வருவதற்குள் இரண்டு நிமிடம் போயிற்று.

ஆனால் கடைசித் தடவை வாசித்தார்கள் பாருங்கள், தட்டில் பஜ்ஜியோடு வந்த அவள் அம்மா அலிமா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நல்லாத்தான் கீது. யார்னா செத்துட்டாங்களாடி?”

“தோத்துட்டாங்கம்மா” என்ற ஷிபானா, துப்பட்டாவில் கண்ணைத் துடைத்தாள்.

ஒரு வாரம் கழித்து சுகுமார் வந்து, உட்காராமல் நின்றான். நல்ல செய்தி கொண்டு வருகிறவன் உட்கார்ந்துவிடுவான்.

“ஷிபானா, சின்ன மாத்தம். நம்ம ராஜா ஜெயிச்சிட்டாரு.”

“எப்ப?”

“நேத்து சாயங்காலம். மாமா படத்தப் பாத்துட்டாரு. எங்கழனில எங்க ராஜா தோக்கறதான்னு கேட்டுட்டாரு. நீ அந்த மூணு நிமிசத்த வெற்றி மியூசிக்கா மாத்திடு. டப்பு டப்புன்னு.”

“நாப்பது பேர் வாசிச்சதுடா அது! இன்னொரு வாட்டி வாசிங்கன்னு யார் காலப் புடிக்கறது?”

“அப்ப வுடு. எங்கிட்ட ஒண்ணு கீது. மாப்ள கார்ல இருந்து எறங்கறப்ப போடுவேனே, அத்த போட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை மண்டபத்துல வெளியீடு. பேர் உன் பேர்தான் போடுவேன், கவலப்படாத.”

கவலையே அதுதான். மாப்பிள்ளை இறங்கும் இசைக்குக் கீழே தன் பெயர். நாற்பது பேரின் வாசிப்பு லேப்டாப்புக்குள்ளே.

மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டியில் புள்ளலூருக்குக் கிளம்பினாள். பம்புசெட் கொட்டகையில் சேட்டு நாஷ்டாவில் இருந்தார். சுகுமார் பக்கத்தில் பவ்யமாக நின்றான். அவள் லேப்டாப்பைத் திறந்து காட்சியை இசையோடு ஓடவிட்டாள். சேட்டு இட்லியை மென்றுகொண்டே முழுவதும் பார்த்தார்.

“மியூசிக் பேஜாரா கீதும்மா. இட்லி உள்ள எறங்கல.”

“அதுக்குத்தானே போட்டேன் மாமா.”

“ஓடறவன் நம்ம ஆளு இல்ல? நம்ம ஆளுக்கு இன்னாத்துக்கு இப்பிடி? வேற போடு.”

ஷிபானா திரையைப் பார்த்தாள். சிவப்புத் தலைப்பாகைகள் ஓடுகின்றன, நீலத் தலைப்பாகைகள் துரத்துகின்றன. இரண்டும் ஒரே பன்னிரண்டு முகங்கள்தான். ஒரு வாரமாக ஏறிக்கொண்டிருந்த எரிச்சல் அவள் உச்சந்தலையில் போய் முட்டியது.

“சுகு, கல்யாண ஆல்பத்துல பொண்ணு பொடவ கலர மாத்துவியே, அந்த மாதிரி தலைப்பாகை கலர மாத்த முடியுமா?”

“ஒரு நாள் வேல. ஏன்?”

“ஓடறவனுக்கு நீலம் குடு. தொரத்தறவனுக்குச் செவப்பு. நம்ம ராஜா ஜெயிச்சிட்டாரு. மியூசிக்க மட்டும் எவனும் தொடாத.”

சேட்டு இட்லித் தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப இந்த அழுவாச்சி?”

“எதிரியோடது மாமா. அவன்தான் அழுவுறான்.”

சேட்டுவின் முகம் மெல்ல மலர்ந்தது. “அழுவட்டும். நல்லா அழுவட்டும். டேய், மண்டபத்துல சவுண்டு இன்னும் ஏத்தி வையிடா.”

ஒரு சங்கீதக்காரிக்கு இதைவிடக் கேவலமான வெற்றி கிடையாது. ஆனாலும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. படத்தைவிடப் பந்தியில் பிரியாணி என்ற செய்திக்கு வந்தவர்கள் அதிகம். நீலத்தைச் சிவப்பாக்கும்போது சுகுமாரின் கம்ப்யூட்டர், கழனிக்குப் பின்னால் தெரிந்த ஏரித் தண்ணீரையும் சேர்த்துச் சிவப்பாக்கிவிட்டிருந்தது. அதை ரத்தம் என்று எடுத்துக்கொண்டு, வஹாப் உட்பட எல்லோரும் டைரக்டரைப் பாராட்டினார்கள்.

அந்தக் காட்சி வந்தது. நாற்பது வயலின் வில்லும் ஒன்றாக இழுபட்டன. பின்வரிசையில் இடம் மாறிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே உட்கார்ந்தார்கள். மூன்று நிமிடம் நாற்பது நொடி, மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை. ஷிபானாவுக்கு அது போதும். படம் அடுத்த காட்சிக்குப் போனது.

ஆனால் சேட்டு எழுந்து நின்றார். “டேய் சுகுமாரு! எதிரி அழுவறத இன்னொருவாட்டி போடு!”

போட்டான். எதிரிகள் மறுபடி ஓடினார்கள், கூட்டம் சிரித்தது. சேட்டு தொடையைத் தட்டினார். “இன்னொருவாட்டி!”

மூன்றாவது தடவை ஓடும்போது யாரும் சிரிக்கவில்லை. சேட்டுவின் கையும் தொடைமேல் சும்மா கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி சொக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

“போதும் வுடுய்யா. பாவமா கீது.”

“எதிரிடி அவன்.”

“எதிரின்னா? மூணு வாட்டியா அழ வெப்ப? யார் வூட்டுப் புள்ளைங்களோ.”

சேட்டு அவள் பக்கம் திரும்பவில்லை. நாலாவது தடவை கேட்கவும் இல்லை.

இந்த மூன்று தடவையில் நேரம் ஓடிவிட்டது. படம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே சமையல்காரர் கதவைத் திறந்து “எல போட்டாச்சு” என்றார். பிரியாணி வாசனை உள்ளே வந்தது, கூட்டம் வெளியே போனது. வெற்றி ஊர்வலத்துக்கு ஷிபானா எழுதிய இசையை நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் அவளாலேயே கேட்க முடியவில்லை. ‘இசை: ஷிபானா’ என்று பெரிதாக வந்தபோது, படம் எடுத்த சுகுமாரே இலை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அலிமா மட்டும் அசையாமல் உட்கார்ந்து, அடுத்து வரிசையாக ஏறிய நாற்பது வெளிநாட்டுப் பெயர்களையும் உதட்டை அசைத்துப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

“ஏன்டி, இவங்களுக்கெல்லாம் தெரியுமா, நம்ம ஊர்ல யார் தோத்தாங்கன்னு?”

“தெரியாதும்மா.”

“அதான் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து இப்பிடி வாசிச்சிருக்காங்க” என்றாள் அலிமா. “எழுந்திரு, எல காலியாயிடப் போவுது.”