கதவைத் தொட்ட நாற்பத்தோரு இடங்கள்

1

அந்த அறையில் பழைய வரி எதையும் யாரும் அழிப்பதில்லை. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் அறை அது. வேண்டாத வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் இட்டு, இயந்திரம் படிக்காதபடி அதை உறங்கவைப்பார்கள். புதியதை அதன் கீழேதான் எழுதுவார்கள். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஒரு நிரல்மொழியையும் அதிலிருந்து கிளைத்த இன்னொன்றையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கட்டுரைக்குள் ஓர் அண்ணியும் நாத்தனாரும் புகுந்துவிட்டார்கள். அவர்கள் அறையின் விதிக்கு நானும் கட்டுப்படுகிறேன்: கைவிட்ட வாக்கியங்கள் அடைப்புக்குறிக்குள் கிடக்கும்.

2

[தண்ணீர் நிரம்பியது. உருளை சுழன்றது. கதவு திறந்தது. தரை நனைந்தது. அண்ணியின் முகம் சிவ—]

இந்தத் தொடக்கம் சி மொழிக்கு உரியது: இன்னதற்குப் பின் இன்னது என்னும் செயல்களின் வரிசை. தரவுகள் பெரும்பாலும் பொது மேசையில் கிடக்கும். எந்தச் செயலும் கைநீட்டி மாற்றலாம். சி பிளஸ் பிளஸ் அதே வீட்டின்மேல் எழுப்பிய மாடி. அங்கே கதவு ஒரு பொருள். தன் பூட்டைத் தன் மடியிலேயே வைத்திருக்கும். திறக்க வேண்டுமானால் அதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் கை வைக்கும் வரியை, நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பிழை என்று நிறுத்திவிடும். முன்னது நிகழ்ச்சிகளால் ஆன கதை என்றால், பின்னது பாத்திரங்களால் ஆனது.*

* இந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆகவே இதைச் சந்தேகிக்கிறேன்.

3

சரி, பாத்திரங்கள். அண்ணி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முழு நிரலையும் சியில் தனியாளாக எழுதியவள். இன்று குழுவின் தலைவி. நாத்தனார், அவள் கணவனின் தங்கை. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். இந்த வாரம் மூன்று முறை, சுழற்சியின் நடுவில் கதவு தானே திறந்துகொண்டது. மூன்று முறையும் தரையைத் துடைத்த சோதனைக்காரருக்கு 'வாளி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால், நிரல் அண்ணியின் கையைவிட்டு வேறு குழுவுக்குப் போய்விடும்.

"மொத்தத்தையும் மாத்தச் சொல்லல, அண்ணி. கதவை மட்டும் சி பிளஸ் பிளஸ்ல ஒரு பொருளா கட்டுறேன். பூட்டை உள்ள வச்சு மூடிட்டா, வெளியில இருந்து யார் யார் கை வைக்கிறாங்கன்னு கம்பைலரே காட்டிக் குடுத்துடும்."

"ஒளிச்சு வைக்கிறது சியிலயும் முடியும்மா. நான்தான் வைக்கல."

"ஏன் அண்ணி?"

"அப்ப நான் ஒருத்திதான் இருந்தேன். யார்கிட்ட இருந்து ஒளிக்கிறது?"

"நாத்தனார் சொல்லி அண்ணி கேட்டதா சரித்திரமே கிடையாதே!" என்றார் வாளி.

"நீங்க துடைப்பத்தைப் பாருங்க" என்ற அண்ணி, நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

4

பழைய வரிகளில் பெரும்பாலானவற்றைப் புதிய மொழி அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒன்பது இடங்களில் மட்டும் முரண்டு பிடித்தது. அவற்றைச் சரிசெய்து பூட்டை மூடியதும், கம்பைலர் நாற்பத்தோரு பிழைகளை வரிசையாகக் காட்டியது. நாற்பது, நியாயமாகக் கதவைத் தொட்ட இடங்கள். கடைசியைக் கண்டதும் நாத்தனார் [வெற்றிப் புன்னகை பூத்—]

இல்லை, அவள் அப்படிப்பட்டவள் அல்லள். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முதல் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்த நாளில், வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் எந்நிலையிலும் கதவு திறக்கும்படி அண்ணி எழுதிய வரி அது. புதிய மாதிரியில் அந்த இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. வாளியின் கட்டைவிரலோ தடித்தது.

5

முடிவுகள். ஒன்றில், நாத்தனார் ஓசைப்படாமல் சாய்கோடு இட்டுவிடுகிறாள், குடும்பம் நிம்மதி. இன்னொன்றில், அறைக்கே கேட்கும்படி சொல்லிவிடுகிறாள். அண்ணி எழுந்து போகிறாள். இரண்டிலும் அண்ணி பொது மேசையில் கிடக்கும் தரவாகவே இருந்தாள். நான் கைநீட்டி மாற்றினேன். அவளிடமே கேட்பதுதான் முறை. என் அடைப்புக்குறிகளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை, அவள் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாத்தனார் திரையைத் திருப்பினாள். "அண்ணி... இது உங்க வரி."

அண்ணி படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அட, இவனா! அன்னிக்கு எனக்குக் கைதட்டல் வாங்கிக் குடுத்தவன்."

"சாய்கோடு போட்டுடட்டுமா?"

"எதுக்கு? பத்திரப்படுத்த இது என்ன பரம்பரை நகையா? தள்ளு."

அறை நிமிர்ந்து பார்த்தது. வாளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தார். எல்லோரும் பார்த்திருக்க, அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அந்த வரியை ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் அழித்தாள்.